கருவாட்டுக் கூடையை மூடிய சித்திரம்

காகிதம் என்ற ஒன்று பிறப்பதற்கு முன்னால், சித்திரத்தைத் துணியில் எழுதிய காலத்தில், வெண்துறைப் பட்டினத்தை ஓர் அரசன் ஆண்டான். அவன் கிடக்கட்டும். இது மிளகு வணிகம் செய்த கொற்றி என்ற பெண்மணியின் கதை, கேளுங்கள்.

கொற்றிக்குச் சித்திரம் என்றால் உயிர். பேர் எடுத்தவர்களின் படத்தை வாங்கமாட்டாள். அவர்களுக்கு வாங்க ஆள் இருக்கிறது என்பாள். பேர் தெரியாதவன் எழுதிய முதல் படத்தைத் தேடிப்போய் வாங்குவாள். அவனுக்கு வண்ணம் கொடுப்பாள், துணி கொடுப்பாள், ஒரு வருஷச் சோறும் கொடுப்பாள். படத்தைப் பருத்தித் துணியில் சுற்றி அரசனின் சித்திரசாலைக்குத் தானமாக அனுப்புவாள். இப்படி வருஷத்துக்கு ஒன்றாக நாற்பது படம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். சித்திரசாலையில் புதுப் படம் மாட்டினால் அதன்மேல் திரை போடுவார்கள். எழுதியவனே வந்து ஊர் பார்க்கத் திரையை விலக்க வேண்டும். அன்றிலிருந்துதான் அவன் சித்திரக்காரன். அதுவரை அவனுக்கு யாரும் வேலை தரமாட்டார்கள்.

முப்பது வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு சித்திரசாலைக்குத் தலைவனாக வந்து சேர்ந்தான் நன்னயன். பேரைப் பாருங்கள், நன்னயனாம்! அவன் படத்தையே பார்க்கமாட்டான், சுற்றி வந்த துணியைத்தான் பார்ப்பான். பட்டில் வந்தால் நடுச்சுவர். பருத்தியில் வந்தால் முத்திரை குத்திக் கிடங்கு.

படத்தை ஏன் இன்னும் மாட்டவில்லை என்று கொற்றி மூன்று முறை கேட்டு அனுப்பினாள். சுண்ணாம்பு அடிக்கிறோம் என்றான் முதல் முறை. மழை ஈரம் காயட்டும் என்றான் இரண்டாம் முறை. அரண்மனைக் கல்யாணம் முடியட்டும் என்றான் மூன்றாம் முறை. மூன்றையும் நம்பிவிட்டு அவள் அடுத்த படத்தைத் தேடிப் போனாள்.

ஒருநாள் மீன் அங்காடியில் கருவாட்டுக் கூடையை மூடியிருந்த துணியில் ஒரு பெண்ணின் கண் தெரிந்தது. கொற்றிக்குத் தெரிந்த கண். பத்து வருஷத்துக்கு முன் பண்ணன் என்பவன் எழுதிய முதல் படம் அது. திருப்பிப் பார்த்தாள்; பின்புறம் சித்திரசாலை முத்திரை. கிடங்கில் இடம் அடைக்கிறதென்று நன்னயன் பழந்துணிக்காரனிடம் தூக்கிப் போட்டிருக்கிறான். ஒரே படத்தை இரண்டாம் முறை வாங்கினாள்.

பண்ணன் எங்கே என்று தேடினாள். துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தான். யார் மூட்டை? அவளுடைய மிளகு மூட்டை! இத்தனை வருஷமாக அவன் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்த கொற்றி ஊரிலேயே உசத்தியான செம்பட்டுத் துணியை அந்தக் கந்தலின்மேல் போர்த்தித் தைத்தாள். இது என் கடைசித் தானம், அரசர் முன்னிலையில் திறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். பட்டைத் தடவிப் பார்த்த நன்னயனுக்கு வாயெல்லாம் பல். பிரித்துப் பார்க்கவே இல்லை. பட்டையே திரையாக விட்டு நடுச்சுவரில் மாட்டினான்.

அரசன் வந்தான், ஊர் வந்தது. மிளகுத் தூசி அப்பிய தோளோடு பண்ணனும் வந்து பட்டை இழுத்தான். சித்திரசாலை முழுக்கக் கருவாட்டு நாற்றம்.

அரசனை அவமதிக்கத் துணிந்தது யார் என்று நன்னயன் குதித்தான்.

"நீதான்யா," என்றாள் கொற்றி. "பின்னால உன் முத்திரைதான் இருக்கு. மன்னரே வந்து பார்க்கட்டும்."

அரசன் பார்த்தான். கிடங்கைத் திறக்கச் சொன்னான். கொற்றி கடைசியாகக் கொடுத்த பத்துப் படத்தில் மூன்றுதான் மிஞ்சியிருந்தது, அதுவும் செல்லரித்து. நன்னயனை அங்கேயே விரட்டினான். பண்ணனைப் பார்த்து, புதுப் படம் எழுதிக் கொடு, நானே மாட்டுகிறேன் என்றான்.

பண்ணன் காய்ப்பேறிய இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "இது இனிமே மூட்டையைத்தான் பிடிக்கும், மன்னா."

கொற்றிக்கு நன்னயன்மேல் இருந்த ஆத்திரம் முழுவதும் தன்மேலேயே திரும்பியது. கிடங்குச் சாவியைக் கேட்டு வாங்கினாள். சாகும்வரை தினமும் போய், மாட்டிய படத்தையும் மாட்டாத படத்தையும் தன் கண்ணாலேயே எண்ணினாள். அந்தக் கந்தலை மட்டும் நடுச்சுவரிலிருந்து எடுக்க அவள் விடவே இல்லை.

கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று கடைசிவரை பார்க்காதவர் கொடுத்தவர் ஆகமாட்டார்.