எல்லோரும் தூங்கிய பக்கம்

மாசிலாமணி ஒரு படப் புத்தகம் செய்திருந்தார். தாயில்லாத தன் மகள் தேன்மலரைத் தூங்க வைப்பதற்காகச் செய்தது. கோழி தூங்கியது, ஆடு தூங்கியது, குளத்து மீன் தூங்கியது என்று பக்கத்துக்கு ஒன்றாகத் தூங்கிக்கொண்டே போகும். கடைசிப் பக்கத்தில் ஓர் அறை. பாயில் ஒரு குழந்தை. அதுவும் தூங்கிவிட்டது.

அவர்கள் இருந்த ஆசிரமத்தில் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. இரண்டு பக்கம் புரட்டியதில் கொட்டாவி வந்து குழம்பைத் தீய விட்டேன் என்று சமையற்காரர் கேலி பேசினார். பாலர் பள்ளிக்கு அச்சடித்து வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

தேன்மலர் மட்டும் தூங்கவில்லை. புத்தகம் வந்த பிறகு, இருந்த கொஞ்சத் தூக்கமும் போய்விட்டது. படித்துக் காட்டிக் காட்டி மாசிலாமணியின் அக்காவும் சலித்துப்போனாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்து பிள்ளை உட்கார்ந்திருந்தாள். மாசிலாமணி புத்தகத்தை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார். குரு உமையாள் அவரைவிட வயதில் இளையவர்.

"குறை புத்தகத்துலயா அம்மா, பிள்ளைகிட்டயா?"

மதியச் சாப்பாடு முடிந்து பாலர் பள்ளிப் பிள்ளைகள் படுக்கும் நேரம். தேன்மலரும் அங்கேதான் இருந்தாள். உமையாள் மாசிலாமணியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளின் நடுவில் உட்கார்ந்து, படங்களைக் காட்டி மெதுவாகப் படித்தார்.

கோழி தூங்கியபோது சிரித்தார்கள். மீன் தூங்கியபோது சிரிப்பு நின்றது. கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் ஒருவர் பின் ஒருவராகப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். யாரும் புரளவில்லை. ஒரு பையனின் உதட்டில் ஈ உட்கார்ந்து நடந்தது. அவன் அதை ஓட்டவில்லை.

தூங்கிவிட்டார்கள் என்று மாசிலாமணி பூரிப்போடு கிசுகிசுத்தார்.

"தொட்டுப் பாருங்க," என்றார் உமையாள்.

மகளின் கையைத் தொட்டார். சில்லிட்டிருந்தது. விரல்கள் பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. அடுத்த பிள்ளையும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒருவர்கூடத் தூங்கவில்லை.

தேன்மலர் கண்ணைத் திறக்காமல் மெல்லச் சொன்னாள். "அசையாதீங்கப்பா. நாம முழிச்சிருக்கோம்னு தெரிஞ்சிடும்."

"யாருக்கும்மா?"

"சன்னலுக்கு வெளியில நிக்கிறதுக்கு."

அவர் படத்தைப் பார்த்தார். முன்னால் சன்னல் கம்பிகள். கம்பிகளுக்கு அப்பால் அறை, பாய், குழந்தை. இருட்டில் நின்று எட்டிப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியுமோ அப்படி வரைந்திருந்தார். இன்றுதான் அது அவர் கண்ணில் பட்டது.

உமையாள் புத்தகத்தை மூடினார். அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் பிள்ளைகள் விட்டார்கள்.

வெளியே வந்ததும் உமையாள் கேட்டார். "யாரு நிக்கிறது, மாசிலாமணி?"

"நான் யாரையும் வரையலையே அம்மா."

"எல்லாரும் தூங்கிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. யாரு பார்த்துச் சொன்னது?"

மாசிலாமணி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மனைவி கடைசியாகப் படுத்திருந்தது, மகள் தூங்கும் அந்த அறையில்தான். அதற்குப் பிறகு அவரால் உள்ளே கால் வைக்க முடியவில்லை. பிள்ளையை அக்கா படுக்க வைப்பாள். அவர் வெளியே வந்து சன்னலோரம் நின்று, தூங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டுப் போவார்.

"நான் நிக்கிறது அவளுக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்," என்றார்.

உமையாள் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார்.

"கடைசிப் பக்கத்தை மட்டும் மாத்துங்க. அந்த அறையில, அவ பக்கத்துல பாயில படுத்துக்கிட்டுப் பார்த்தா என்ன தெரியுதோ, அதை வரைஞ்சு கொண்டு வாங்க."