களிம்பு பிடித்த மூன்றாம் நம்பர்

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஸ்கூபா முக்குளிப்புக் கடை இருந்ததாம். அப்படி ஒரு சுத்தம்! தரையில் சோறு போட்டுத் தின்னலாம். முதலாளி அருள்சீலனுக்குத் துடைப்பதென்றால் ஒரு வெறி. கடலுக்குள் போய்வந்த சாமான்களை வேறு யாரையும் தொட விடமாட்டார். தானே ஹோஸைப் பிடித்துக் கழுவி, துணியால் துடைத்து, ஆணியில் வரிசையாக மாட்டுவார்.

மூன்றாவது ஆணியில் ஒரு ரெகுலேட்டர் தொங்கியது. சிலிண்டரில் அடைத்த காற்றை மூச்சுக்குத் தகுந்தபடி இறக்கி வாயில் கொடுக்கிற கருவி அது. மூன்றாம் நம்பர் என்றுதான் அதைக் கூப்பிடுவார்கள். பளபளவென்று இருக்கும், அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதன் கழுத்தில் ஓர் அட்டை, 'சர்வீஸ் முடிந்தது' என்று தேதி போட்டு. பக்கத்தில் ஒரு ரப்பர் மூடி, காற்று நுழைகிற ஓட்டையை அடைப்பதற்கு. கழுவும்போது அந்த மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. அருள்சீலனோ மூடியைக் கழற்றிவிட்டு, "உள்ளயும் ஒரு கழுவு கழுவினாத்தான சுத்தம்" என்று தண்ணீரை நேராகப் பீய்ச்சி அடிப்பார். ஒரு வருஷமாக இதே கதை. பாவி மனுஷன், ஆசையாகத்தான் செய்தார்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரப்பர் மூடி மெல்லப் பேச்சை எடுத்தது.

"ஏய், உன் உள்ளுக்குள்ள களிம்பு ஏறிப்போச்சு. நான் பார்த்துட்டுத்தான இருக்கேன். பச்சைப் பசேல்னு கிடக்கு."

"வாயை மூடு," என்றது மூன்றாம் நம்பர்.

"மூடுறதுதான் என் வேலை. அதைத்தான் செய்ய விட மாட்டேங்காரே! இங்க மேல இருக்கிற வரைக்கும் காத்து வரும். பத்து பாகம், அறுபது அடி ஆழத்துல உன்னால பாதி மூச்சுதான் குடுக்க முடியும். உன்னை மாட்டிக்கிட்டுப் போறவங்க கதி என்ன?"

அட்டை சிரித்தது. "சின்னப் பயலே, என்னைப் படிச்சியா? சர்வீஸ் முடிஞ்சாச்சு."

"எங்க முடிஞ்சது? மெக்கானிக் கையில இது பட்டு ரெண்டு வருஷம். உன்னை முந்தாநேத்து முதலாளிதான் உக்காந்து எழுதினாரு. பன்னெண்டு அட்டை, ஒரே பேனா."

"எழுதினா எழுதினதுதான்," என்றது அட்டை. பிறகு மூன்றாம் நம்பரின் காதோடு சொன்னது: "நீ வாயைத் திறந்தா நேரா காயலான் கடைதான். யோசிச்சுக்கோ."

மூன்றாம் நம்பர் யோசித்தது. பயந்துவிட்டது. பேசாமல் இருந்துவிட்டது.

படகு கிளம்பியது. கோயம்புத்தூரிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் ஏற்கெனவே முக்குளித்துப் பழகியவர்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டியவள் ஜெசிந்தா. அந்தக் கடைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அவள் முதுகில் ஏறியது மூன்றாம் நம்பர். மற்ற நாலு ரெகுலேட்டர்கள் மற்ற நாலு பேருக்கு.

"அவ மூணு நாளா காத்தழுத்த மீட்டரைப் பார்த்துக்கிட்டேதான் மூச்சு இழுத்துப் பார்க்கிறா," என்றது மூடி. "காத்துல தடை இருந்தா முள்ளு துள்ளும். மாட்டிக்குவ பாரு."

ஜெசிந்தா மீட்டரைக் கையில் எடுக்கத்தான் செய்தாள். அதற்குள் படகை ஓட்டி வந்த அருள்சீலன் சத்தம் போட்டார்.

"சீக்கிரம் ஆகட்டும்மா! காத்து ஏறுது, இன்னும் அரை மணியில கடல் கலங்கிரும்."

"ஒரு நிமிஷம், அண்ணாச்சி. செக் பண்ணிட்டு..."

"அட, அட்டையைப் பாரும்மா. முந்தாநேத்துதான் சர்வீஸ். கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன்!"

ஜெசிந்தா அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். மீட்டரைக் கீழே விட்டாள்.

"பார்த்தியா?" என்றது அட்டை.

மூடி அழாத குறை. "போச்சு, எல்லாம் போச்சு."

வந்தவர்களில் நிவேதிதா என்று ஒருத்தி, கொஞ்சம் பயந்த சுபாவம். "அக்கா, கீழ எனக்குக் காத்து வரலைன்னா?" என்று கேட்டாள்.

"எங்கிட்ட வாங்க. என் ரெகுலேட்டர்ல ரெண்டு வாய் இருக்கு. ஒண்ணை உங்களுக்குத் தருவேன். என்னை நம்பி இறங்குங்க."

இதைக் கேட்டதும் மூன்றாம் நம்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒருத்திக்கே பாதி மூச்சு. இதில் இன்னொருத்தியும் வந்தால்?

ஜெசிந்தா படகு விளிம்பில் உட்கார்ந்தாள், முதுகு கடலைப் பார்க்க. மூன்றாம் நம்பரை வாயில் கவ்வினாள். அவள் மூச்சு அதற்குள் சுடச்சுட வந்து போனது. மூன்றாவது விரலைக் காட்டியதும் மல்லாக்கக் கடலில் விழ வேண்டும். முதல் விரலைக் காட்டினாள்.

"பேசாம இரு!" என்றது அட்டை.

ரெண்டாவது விரலும் உயர்ந்தது.

"பேசித் தொலையேன்!" என்று அலறியது மூடி.

மூன்றாவது விரல் எழும்பப் போன நேரம், மூன்றாம் நம்பர் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி வாயைத் திறந்தது. ஸ்ஸ்ஸ்ஸ்! காற்று பீறிட்டு அடித்தது. ஜெசிந்தா துப்பிவிட்டு உள்பக்கமாகச் சரிந்தாள்.

"சனியன், எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்குதே!" என்று கத்தினார் அருள்சீலன்.

ஜெசிந்தா சிலிண்டரை அடைத்தாள், ரெகுலேட்டரைக் கழற்றினாள், காற்று நுழையும் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே இருக்கிற சின்ன வடிகட்டி பச்சையாகக் கிடந்தது.

"அண்ணாச்சி, இதை யாரு சர்வீஸ் பண்ணினா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நிவேதிதாவின் முதுகிலிருந்து அடுத்த ஸ்ஸ்ஸ்ஸ் கிளம்பிவிட்டது. பிறகு அதற்கடுத்தது. ஒன்று வாயைத் திறந்ததும் மற்றதற்கெல்லாம் தைரியம் வந்துவிட்டது. ஐந்தும் சேர்ந்து போட்ட சத்தத்தில் அருள்சீலன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நல்லா கழுவத்தானம்மா செஞ்சேன்," என்றார்.

ஜெசிந்தா அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். "நான் இன்னும் ஒரு வருஷம் செல்லுபடி ஆவேன்!" என்று அவள் பைக்குள்ளிருந்து கத்திக்கொண்டே இருந்தது அட்டை.

மூன்றாம் நம்பர் பயந்தபடியே காயலான் கடைக்குத்தான் போனது. அன்று யாரும் ஒரு மீனைக்கூடப் பார்க்கவில்லை. படகில் போன ஆறு பேரும் மத்தியானச் சோற்றுக்குக் கரை வந்து சேர்ந்தார்கள்.