பட்ட மருதமரத்தின் பொந்து

முன்னொரு காலத்தில் கருங்குன்ற நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. அவனிடம் நியாயம் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்தச் சங்கை ஊதி ஊதிக் களைத்துப்போனவர் மந்திரி அம்பலவாணர்.

ஊருக்கு மேற்கே ஒரு பழங்காடு. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்க வேண்டும், சுள்ளிகூட எடுக்கக் கூடாது என்று அங்கே கட்டுப்பாடு. அந்த மண்ணில் ஊறிய நீர்தான் ஊர்ச் சுனைக்கு வந்தது.

சபையில் குழைக்காதர் என்றோர் அதிகாரி. மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாகக் கண். ஒருநாள் அவர் குழைந்துகொண்டே, "அரசே, அந்தக் காடு வெறும் குப்பைமேடு! பட்ட மரத்தையும் பொந்து மரத்தையும் வெட்டித் தள்ளினால் அருமையான நந்தவனம் ஆகும். மரத்தை அடியேன் வீட்டு உத்தரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

"சுனை வற்றிப்போகுமே அரசே! தாகம் எடுத்தால் நந்தவனத்தையா குடிப்பது?" என்றார் மந்திரி.

"எதற்கெடுத்தாலும் உமக்கு முட்டுக்கட்டைதான். நாளைக்கு விழும் முதல் வெட்டு உம் கையால்!" என்று ராஜா எழுந்துவிட்டான்.

மறுநாள் உச்சிப்பொழுது. காட்டுக்குள் வெயில் இறங்கவே இல்லை. ஒரு பறவைச் சத்தம் கிடையாது. கால்வைத்த இடமெல்லாம் மண் மெத்தென்று உள்வாங்கியது. நடுக்காட்டில் பட்டுப்போன மருதமரம் ஒன்று, ஆள் நுழையும் பொந்தோடு நின்றது. ராஜாவும் குழைக்காதரும் பார்த்து நிற்க, மந்திரி கையில் கோடரியைக் கொடுத்தார்கள்.

"வெட்டுகிறேன் அரசே. ஆனால் தேருக்கு மரம் வெட்டும் தச்சர்கூட முதலில் ஒரு சடங்கு செய்வார். கண்ணுக்குத் தெரியாமல் மரத்தில் குடியிருப்பவரை எழுந்து போகச் சொல்லுவார், போக இடமும் காட்டுவார். மரம் யார் வீட்டுக்குப் போகிறதோ, அவர்தான் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும்."

"அதற்கென்ன? கூப்பிடுமய்யா குழைக்காதரே!"

குழைக்காதர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. மந்திரி நம்பியிருந்தது இதைத்தான்: பயந்தாங்கொள்ளி வாயைத் திறக்கமாட்டார், காடு பிழைத்துவிடும். ஆனால் ஆசை யாரை விட்டது! குழைக்காதர் பொந்துக்குள் தலையை நீட்டி, "இங்கே யார் இருந்தாலும் என் வீட்டுக்கு வாருங்கள்" என்று சொல்லியேவிட்டார்.

போச்சு காடு என்று மந்திரி கோடரியை ஓங்கினார்.

அப்போது பொந்துக்குள்ளிருந்து, கிணற்றடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல் கேட்டது. "எத்தனை பேர் வரலாம்?"

துண்டு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாகக் குழைக்காதர் ஓட்டம் பிடித்தார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். "பலே மந்திரியாரே! அந்தப் பேராசைக்காரனுக்கு நன்றாக வேண்டும். காடு இனி உம் பொறுப்பு, சுள்ளிகூட வெளியே போகக் கூடாது. உள்ளே உட்காரவைத்தீரே ஓர் ஆளை, அவனைக் கூப்பிடும். இந்த முத்துமாலை அவனுக்குத்தான்!"

மந்திரி கோடரியைக் கீழே போட்டுவிட்டு மரத்தைவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"நான் யாரையும் உட்காரவைக்கவில்லை அரசே. கூப்பிடுவதானால் நீங்களே கூப்பிடுங்கள். கூப்பிட்டால் வந்துவிடுவார்கள்."

கழற்றிய மாலையை ராஜா மெதுவாகத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டான். மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு காட்டைவிட்டு வெளியே நடந்தான்.

அன்றுமுதல் அந்த நாட்டில் விருந்துக்கு அழைப்பவர்கள் பேர் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.