மூலையில் தெரிந்த கோடு

கரூருக்குப் பக்கத்தில் பஞ்சுப் போர்வை தைக்கிற கம்பெனி ஒன்று. அங்கே கட்டிங் மாஸ்டர் சென்னிமலைக்கு, தன்னை மிஞ்சின தொழில்காரர் யாருமில்லை என்று நினைப்பு.

புதுசாக வந்த மயிலாத்தாளிடம் ஒரு போர்வையைக் கொடுத்தார். "நாலு ஓரத்துக்கும் துணிப்பட்டி வச்சுத் தை. பட்டியில ஒட்டு என் கண்ணுல பட்டுச்சுன்னா, நாளைக்கு வேலைக்கு வராதே."

சுற்றிவரும் பட்டியின் ரெண்டு முனையும் எங்கேயாவது சேர்ந்துதானே ஆகணும்? மயிலாத்தாள் மிஷினில் உட்கார்ந்தாள். சேருமிடத்தில் துணியைச் சாய்வாக வெட்டி, உள்ளே மடித்துத் தைத்து முடித்தாள்.

மாஸ்டர் முதலாளியம்மாவையே கூட்டிவந்தார். போர்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு மூலையில் விரலை வைத்தார். "இந்தா கோடு தெரியுது பாருங்கம்மா. ஒட்டு இங்கதான்."

"அப்படீங்களா? பிரிச்சுக் காட்டுங்க மாஸ்டர். துணி ரெண்டா வந்தா நான் இப்பவே போயிடறேனுங்க," என்றாள் மயிலாத்தாள்.

மாஸ்டர் தையலைப் பிரித்தார். பட்டி மூலையைத் தாண்டியும் ஒரே துணியாக வந்தது. அவர் பார்த்த கோடு, பட்டி திரும்புவதற்காக மடித்த மடிப்பு.

பக்கத்து மிஷின் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"நல்ல போர்வையைப் பிரிச்சது நீங்க. நீங்களே தைச்சுக் குடுங்க," என்றார் முதலாளியம்மா.

மாஸ்டர் அப்படி மடித்தார், இப்படி மடித்தார். மூலை கொழுக்கட்டை மாதிரி உப்பியது. சாப்பாட்டு மணி அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

மயிலாத்தாள் போர்வையை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"சாப்பிட்டு வாங்க மாஸ்டர், மூலையை நான் பார்த்துக்கறேன். ஒட்டை நாளைக்குத் தேடிக்கலாம். நானும் வருவேனுங்க."