சிமிழி சேர்ந்த பள்ளிக்கூடம்

தாழம்புதர்க் காட்டில் சங்கன் என்றொரு நத்தை இருந்தான். அவனுக்கு ஒரே மகள் சிமிழி. தாயில்லாப் பிள்ளை. யாராவது ஏறிட்டுப் பார்த்தால் போதும், ஓட்டுக்குள் போய்விடுவாள். யாரும் பார்க்காத நேரத்தில் இலையிலும் பாறையிலும் ஊர்ந்து ஊர்ந்து, தன் வெள்ளிக் கோட்டாலேயே படம் போடுவாள்.

சின்ன வகுப்பு முடிந்தது. இனி நடுநிலைப் பள்ளி. சங்கனுக்கு இரை இறங்கவில்லை. பயம் மிஞ்சினால் நத்தைப் பிள்ளைகள் ஓட்டுவாயை மூடிபோட்டு அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குத்தான் திறக்கும். ஒரு வருஷம் போயே போய்விடும்!

மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு முதலில் குளத்தங்கரைத் தவளைப் பள்ளிக்குப் போனான். அங்கே முந்நூறு பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தன.

"பாப்பா, உன் பேரென்ன?" என்றது தலைமைத் தவளை.

"சிமிழிங்கய்யா!" என்றான் சங்கன்.

"உனக்கு எது பிடிக்கும்?"

"கணக்குன்னா உசிருங்கய்யா!" என்றான் சங்கன். சிமிழிக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்.

"பள்ளிக்கூடத்திலே சேரப்போறது பாப்பாவா, நீரா?" என்று தவளை கெக்கலித்தது. முந்நூறு பிள்ளைகளும் சிரித்தன. சிமிழியின் கொம்புகள் சுருங்கின.

அடுத்தது இலுப்பை மரத்து அணில் பள்ளி. போய்ச் சேரவே இரண்டு நாளாயிற்று.

"எங்க முதல் பாடமே ஓட்டம். உங்க பொண்ணு ஓடுவாளா?" என்று கேட்டது அணில் டீச்சர்.

"ஓடுவா டீச்சர்! கொஞ்சம் நிதானமா ஓடுவா."

மரமே குலுங்கச் சிரிப்பு எழுந்தது. சங்கன் திரும்பி மகளைப் பார்த்தான். ஓட்டுவாயில் பாலாடை போல ஒரு மெல்லிய ஏடு படர்ந்திருந்தது.

"அடைச்சுடாதே கண்ணு! இன்னும் ஒரே இடம்தான்!" என்று பதறினான்.

அந்த ஒரே இடம் ஓடைக்கரை ஆமைப் பள்ளி. மொத்தமே ஐந்து பிள்ளைகள். பெயரைச் சொன்னாலே காடு சிரிக்கும். வேறு வழியில்லாமல் அங்கே போனான். வாத்தியாரைக் காணோம். மழை தூறத் தொடங்கியது. மகளை ஒரு கரும்பாறைமேல் இறக்கிவிட்டு, "வாத்தியாரய்யா! என் மகள் ரொம்பக் கெட்டிக்காரி! பாடுவா! பேச்சுப் போட்டிக்கெல்லாம் போவா!" என்று வெறும் காற்றைப் பார்த்து அளந்துகொண்டிருந்தான்.

திடீரென்று பாறைக்குத் தலை முளைத்தது!

"என் முதுகிலே யாரது கோலம் போடுறது? கூசுதே!"

"ஐயையோ, வாத்தியாரா! பாறைன்னு நெனச்சுட்டேன்! இப்பவே அழிக்கச் சொல்றேன்!"

"அழிக்காதீர். அந்நிய சத்தம் கேட்டா உள்ளே போயிடறது என் பழக்கம், அவ்வளவுதான். என் முதுகை நானே பார்த்ததில்லை. அதிலே என்ன இருக்கு?"

"அது வந்துங்க, மேலே ஒரு சூரியன்..."

"உம்மைக் கேட்கலையே!" என்று ஆமை மறுபடி தலையை இழுத்துக்கொண்டது.

சங்கனுக்கு நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டான்.

"இது தவளை சார்," என்றது ஒரு மெல்லிய குரல். "இது அணில் டீச்சர். பெரிய வாயோட முன்னாடி போறது எங்கப்பா."

ஆமையின் ஓட்டுக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. "இதிலே நீ எங்கேம்மா?"

"நான் ஓட்டுக்குள்ளே இருக்கேன். இன்னும் வரையலை."

"நாளைக்கு வந்து வரைவியா?"

"வரைவேன் சார்!"

இப்போது ஓட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டவன் சங்கன்தான்.

பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று ஊரெல்லாம் அலையும் பெற்றவர்களே, பிள்ளை வாய் திறக்கும் இடம் எதுவென்று தெரிய, முதலில் நீங்கள் வாயை மூட வேண்டும்.