கரையில் ஓட்டை போட்டது யார்?

காட்டுக்கு நடுவே பெரிய குளம் ஒன்று இருந்தது. அதன் கரைச் சரிவில் பெர்சியாள் என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள்.

கரையின் மறுபக்கம் தீத்து என்ற பெருச்சாளியின் கூட்டம் வளை தோண்டி வாழ்ந்தது. குளத்துச் சேற்றில் விளையும் கொட்டிக் கிழங்கென்றால் தீத்துவுக்கு உயிர். ஆனால் கரையேறி இறங்கச் சோம்பல். அதனால் கரையையே குறுக்கே குடைய ஆரம்பித்தான்.

பெர்சியாள் அதைப் பார்த்துவிட்டு அவன் வளை வாசலுக்கு ஓடினாள்.

"தம்பி, கரையைக் குடையாதே! மழைக்காலம் வரப்போகிறது. ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் கரை தாங்காது!"

தீத்து கிழங்கை மென்றுகொண்டே சிரித்தான். "அக்கா, மழை ஆண்டவருடையது. குளமும் ஆண்டவருடையது. கரை நிற்க வேண்டும் என்று அவர் நினைத்தால் என் ஓட்டை என்ன செய்துவிடும்?"

"அவர் உனக்குக் காது கொடுத்திருக்கிறாரே! நான் சொல்வது அதில் விழவில்லையா?"

"விழுந்தது, விழுந்தது!" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் மண்ணைப் பறித்தான்.

பெர்சியாள் மற்ற மிருகங்களிடம் போய் முறையிட்டாள். ஆனால் தீத்து எல்லார் வீட்டுக்கும் கிழங்கு கொடுத்து வைத்திருந்தான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை விடாமல் கொட்டியது. ஒருநாள் மத்தியானம் கரைக்குள்ளிருந்து பெரிய உறுமல் கேட்டது. பெர்சியாள் மூத்த குட்டியைக் கவ்விக்கொண்டு மேட்டுக்குப் பாய்ந்தாள். இளையவன் நாகூமைத் தூக்கி வரத் திரும்பினாள். அங்கே வீடு இல்லை. கரையும் இல்லை. செந்தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளம் வடியும்வரை தேடினாள். முட்புதர்களுக்குள் தேடினாள். பாறை இடுக்குகளில் மூக்கை நுழைத்துத் தேடினாள். நாகூம் கிடைக்கவே இல்லை.

உடைந்த கரைமேல் நின்று அவள் வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்! ஏன் தடுக்கவில்லை?"



அப்போது நாரை மெல்ல நடந்து வந்தார். மிருகங்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பவர் அவர்தான். எல்லாரும் அவரை உபதேசியார் என்றே கூப்பிடுவார்கள்.

"அழாதே மகளே! ஆண்டவர் கொடுத்தார், அவரே எடுத்துக்கொண்டார். எல்லாம் அவர் சித்தம்."

பெர்சியாள் சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

"அப்படிச் சொல்லாதீர்கள், உபதேசியாரே! அவரிடம் எனக்குச் சண்டை உண்டு. அதை நானே போட்டுக்கொள்கிறேன். ஆனால் அவர் செய்யாததை அவர் தலையில் கட்ட மாட்டேன். அந்த ஓட்டையை அவர் தோண்டவில்லை!"

நாரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு போய்விட்டார்.

மாதங்கள் கழிந்தன. குளத்துக்குக் கீழே முன்பு ஒரே கல்லும் கட்டாந்தரையுமாக இருந்தது. வெள்ளம் கொண்டு வந்த வண்டல் அங்கே கனமாகப் படிந்திருந்தது. அதில் புல் முளைத்தது. பூச்செடிகள் முளைத்தன. மான்கள் வந்து குட்டி போட்டன. முயல்கள் வந்தன. காடே அந்தப் பசும்புல்லைப் பற்றிப் பேசியது.

ஆண்டவருக்கு நன்றி சொல்ல எல்லா மிருகங்களும் புல்வெளியில் கூடின. ஜெபம் முடிந்ததும் தீத்து ஒரு கல்மேல் ஏறி நின்றான்.

"என்னைத் திட்டினீர்களே, இப்போது பாருங்கள்! நான் ஓட்டை போடாவிட்டால் இந்தப் புல் உண்டா? ஆண்டவருடைய திட்டத்தில் நான்தான் கருவி! எனக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள்!"

"அதுவும் சரிதான்!" என்றது ஒரு முயல். சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

 பெர்சியாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லுக்கு எதிரே போய் நின்றாள்.

"தீத்து! வண்டலில் புல் முளைக்க வைத்தது அவர் செய்த வேலை. கரையில் ஓட்டை போட்டது நீ செய்த வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதே!"

"அப்படியானால் அவர் ஏன் என்னைத் தடுக்கவில்லை?" என்று தீத்து மடக்கினான்.

கூட்டம் அவள் முகத்தைப் பார்த்தது. 

"நானும் தினமும் அதைத்தான் கேட்கிறேன். அவர் இன்னும் சொல்லவில்லை," என்றாள் பெர்சியாள். "ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். உன் நகத்தை அவர் பிடித்து இழுத்துத் தோண்ட வைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல நான் உன் வாசலுக்கு வந்தேன். நீ கேட்டாய். கேட்டுவிட்டுச் சிரித்தாய். உருண்டு வரும் கல்லுக்குச் சிரிக்கத் தெரியாது, தீத்து. நீ கல் இல்லை!"

தீத்து கல்லைவிட்டு இறங்கினான். 

பெர்சியாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நான் வழக்காட வரவில்லை. கரை இன்னும் உடைந்துதான் கிடக்கிறது. மறுபடியும் மழை வரும். இந்த முறை தண்ணீர் பாயும் வழியில் உங்கள் குட்டிகள் படுத்திருக்கும். நான் உடைப்பை அடைக்கப் போகிறேன். வருகிறவர்கள் வாருங்கள்!"

ஒருவரும் அசையவில்லை. அவள் தனியாகவே போனாள். கோரையைக் கடித்து இழுத்து வந்து உடைப்பில் போட்டாள். வாயில் களிமண்ணைக் கவ்வி வந்து அதன்மேல் அப்பினாள். பாதி சரிந்து விழுந்தது. மறுபடியும் அப்பினாள்.

மறுநாள் எருமை வந்தது. "மிதித்துக் கெட்டிப்படுத்த நான் போதுமா?" என்று கேட்டது. பிறகு மான்கள் கோரை சுமந்தன. முயல்கள் சரளைக் கல்லை உருட்டி வந்தன. நாரை கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, ஒரு குச்சியை அலகில் தூக்கிக்கொண்டு வந்தார்.

உடைப்பு மூடியது. ஆனால் மீதிக் கரைக்குள்ளும் வளைகள் கிளை கிளையாக ஓடின. அவற்றின் வழி தெரிந்தவன் தீத்து ஒருவனே.

ஒரு சாயங்காலம் அவனே வந்தான். தலை குனிந்திருந்தது.

"அக்கா, உள்ளே போய் எல்லா வளையையும் நான் அடைக்கிறேன்." உடைப்பு இருந்த இடத்தைப் பார்த்தான். "உன் பிள்ளையைக் கொன்றது மழை இல்லை. நான்தான்."

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவனைக் கடித்துக் குதற வேண்டும் என்று பெர்சியாளின் பற்கள் துடித்தன. கடித்திருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ஆமாம், நீதான்," என்றாள். பிறகு தன் காலடியில் கிடந்த களிமண் உருண்டையை அவன் பக்கம் தள்ளினாள். "எடுத்துக்கொண்டு உள்ளே போ. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்!"

தீத்துவும் அவன் கூட்டமும் ஓயாமல் மண் சுமந்தார்கள். கடைசி வளையை அடைத்த மறுநாளே வானம் கறுத்தது.

போன ஐப்பசியைவிடப் பெரிய மழை. குளம் விளிம்புவரை ததும்பியது. பெர்சியாள் நனைந்துகொண்டே கரையின் முழு நீளமும் நடந்தாள். ஒவ்வோர் இடத்திலும் காதை வைத்துக் கேட்டாள். எங்கேயும் கசிவில்லை. கீழே புல்வெளியில் மான்குட்டிகள் தாயோடு ஒட்டிக்கொண்டு தூங்கின.

அவள் வானத்தைப் பார்த்தாள்.

"நாகூமைப் பற்றி நீர் எனக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கேட்பதை நான் விடப்போவதில்லை," என்றாள். "ஆனால் இந்தக் குட்டிகளை இன்று காப்பாற்றினீரே, அதற்கு நன்றி!"

பிறகு மழையோடு மழையாகக் கரையின் அடுத்த முனைக்கு நடந்தாள்.

தீமையிலிருந்தும் நன்மையை விளைவிக்க ஆண்டவரால் முடியும். அந்த நன்மையைக் காட்டி, நாமே விரும்பிச் செய்த தீமைக்கு அவரைப் பொறுப்பாக்கக் கூடாது.