பெயருக்கு முன்னால் வந்த சொல்

முன்னொரு காலத்தில், துருக்கி தேசத்து மலைநாடு ஒன்றை இல்தெனிஸ் என்ற சுல்தான் ஆண்டுவந்தார். நினைத்தால் பரிசு, நினைத்தால் சவுக்கடி. அவர் சபையில் மனுக்களைப் படிப்பவள் நெர்கிஸ். தன் சொந்தப் பேச்சென்றால் நாலு பேர் முன் குரல் எழும்பாது. கண் மட்டும் எதையும் தப்பவிடாது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சொன்னவர் பெயரை முதலில் படிக்க வேண்டும், பிறகுதான் சொன்ன சேதி. "ஆட்டுக்காரி ஜெய்னப் சொன்னதாவது" என்று தொடங்கியதுமே சுல்தான் கொட்டாவி விட்டுக் கையை அசைத்துவிடுவார். அவளுடைய மூன்று மனுக்கள் அப்படியே போயின. மேட்டு நிலத்தில் ஓடை வறண்டு ஆடுகள் செத்துக்கொண்டிருந்தன.

நான்காவது மனு வந்த அன்று நெர்கிஸ் பெயரை விழுங்கிவிட்டு நேரே படித்தாள்.

"தாகத்தோடு வாசலில் நிற்பவனிடம் பெயர் கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுக்கிறவன் வீட்டுக்குத் தலைவனே அல்ல!"

சுல்தான் நிமிர்ந்தார். "ஆகா! யார் சொன்னது? என் பாட்டனாரா?"

"வேறு யாருக்கு வரும் பிரபு, இந்த வாக்கு? பொன்னால் எழுத வேண்டும்!" என்றார் தலைமை எழுத்தர் ஹம்சா.

"என்று சொன்னவள், ஆட்டுக்காரி ஜெய்னப்," என்று முடித்தாள் நெர்கிஸ்.

ஹம்சாவின் முகம் கறுத்தது. "வழக்கத்தை மீறிவிட்டாள்! இவள் தலையை வாங்குங்கள், பிரபு!"

"தங்கள் பாட்டனார் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். சேதி முன்னால், பெயர் கடைசியில். மாற்றியவர் இந்தத் தலைமை எழுத்தர்தான்," என்றாள் நெர்கிஸ். நாலு பேர் முன் எழும்பாத குரல் இப்போது எழும்பியது. "தலை போவதற்குள் இன்னொரு மனுவையும் படித்துவிடுகிறேன். 'மலை ஓடை முழுவதும் என் ரோஜாத் தோட்டத்துக்கே வர வேண்டும். ஆடுகள் செத்தால் தோல் மலிவாகக் கிடைக்கும்.'"

"எந்தப் பாவி அவன்?" சுல்தான் எழுந்தே விட்டார்.

"என்று எழுதியவர் ஹம்சா. அவர் பெயரைக் கேட்டதுமே, சேதியைக் கேளாமல் முத்திரை குத்தியவர் தாங்கள்."

சுல்தான் தன் முத்திரை மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஹம்சா, மண்வெட்டியை எடும். ஓடையை நீரே வெட்டித் திறந்துவிடும். நெர்கிஸ், இனி நீயே தலைமை எழுத்தர். ஆணையை எழுது."

"தங்கள் பெயரை எங்கே போடட்டும், பிரபு?"

"கடைசியில்."

மேட்டு நிலத்தில் தண்டோராக்காரன் அந்த ஆணையைப் படித்தான். சுல்தானின் பெயருக்கு அவன் வந்து சேர்வதற்குள் ஜெய்னப்பின் ஆடுகள் ஓடையில் வாய் வைத்துவிட்டன.